எண்ணிக்கையா, நியாயமா? நகர மன்றத்தின் முன் ஒரு மனை



அமெரிக்காவில் எந்த ஊரில் வசித்தாலும், சாலையோரக் காலி மனையில் நடப்பட்ட ஓர் அறிவிப்புப் பலகை நம் கண்ணில் பட்டிருக்கும். விண்ணப்ப எண், பொது விசாரணை நடக்கும் நாள், நேரம், இடம், இவ்வளவுதான் அதில் இருக்கும். பெரும்பாலும் நாம் அதைப் படிக்காமலே போய்விடுகிறோம். நம் தெரு முனையில் அந்தப் பலகை வரும்போதுதான் காரை நிறுத்திப் படிக்கிறோம். குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலத்தை வணிக நிலமாக மாற்றித் தரும்படி அதன் உரிமையாளர் கேட்டிருக்கிறார், கேஸ் ஸ்டேஷனோ கடைத் தொகுதியோ வரப் போகிறது, நகர மன்றம் இன்ன தேதியில் முடிவு செய்யும் என்பது அப்போதுதான் தெரிகிறது. அன்று இரவே தொலைபேசிகள் ஒலிக்கத் தொடங்கிவிடும்.

இதில் அறம் பற்றிப் பேச என்ன இருக்கிறது, இது வக்கீல்களும் பொறியாளர்களும் பார்க்க வேண்டிய வேலை அல்லவா என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விசாரணை இரவில் ஐந்து அல்லது ஏழு மன்ற உறுப்பினர்கள் மேடையில் அமர்ந்திருக்கிறார்கள். எதிரே மண்டபம் நிறைய எதிர்ப்பாளர்கள். ஒரு மூலையில் நிலத்தின் உரிமையாளரும் அவருடைய வக்கீலும் இருக்கிறார்கள். அந்த உறுப்பினரின் கடமை என்ன? மண்டபத்தில் எத்தனை பேர் எந்தப் பக்கம் என்று எண்ணிப் பார்த்து வாக்களிப்பதா? நூறு பேர் ஒரு பக்கம் நின்றாலும் மற்றப் பக்கத்தில் நிற்கும் ஒருவர் சொல்லும் காரணம் சரியானால் அவருக்குத் தருவதா? நாம் வாக்களித்துப் பதவியில் அமர்த்தியவர் நம் பேச்சை மீறலாமா? நீதிநூல்கள் காலங்காலமாகக் கேட்டு வந்த கேள்விதான் இது. இங்கே கேஸ் ஸ்டேஷன் வடிவத்தில் வந்திருக்கிறது.

முதலில் இந்தக் கோடுகள் எப்படி வந்தன என்று பார்ப்போம். நிலத்தைக் குடியிருப்பு, வணிகம், தொழில் என்று பிரிக்கும் ஜோனிங் முறை அப்படியொன்றும் பழையது அல்ல. நியூயார்க் நகரம் 1916 ல் தன் எல்லை முழுவதற்கும் அத்தகைய சட்டம் செய்தது. ஒஹாயோ மாநிலத்தில், கிளீவ்லாந்துக்குப் பக்கத்தில் உள்ள யூக்ளிட் என்ற சிற்றூர் 1922 ல் செய்தது. அங்கே ஆம்ப்ளர் என்ற நில வணிகக் கம்பெனிக்கு 68 ஏக்கர் இருந்தது. தொழிற்சாலைக்கு விற்றால் ஏக்கர் சுமார் 10,000 டாலர் போகும் நிலம், குடியிருப்புக்கு மட்டும் என்று ஊர் கோடு போட்டதால் 2,500 டாலருக்கு மேல் போகாது என்று கம்பெனி வழக்குப் போட்டது. வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1926 ல் ஆறு நீதிபதிகள் ஊரின் பக்கமும் மூவர் எதிர்ப்பக்கமும் நின்றார்கள். ஊர் வென்றது. இன்று நாடு முழுவதும் நடக்கும் ஜோனிங் அந்தத் தீர்ப்பின் மேல்தான் நிற்கிறது.

அந்தத் தீர்ப்பில் ஓர் இடம் நம்மவர்கள் அறிய வேண்டியது. தனி வீடுகள் உள்ள பகுதியில் வந்து சேரும் அடுக்குமாடிக் கட்டடத்தை, அக்கம்பக்கத்தின் காற்றையும் வெளிச்சத்தையும் உண்டு வாழும் ஒட்டுண்ணிக்கு ஒப்பாகச் சொல்லியிருக்கிறார் தீர்ப்பை எழுதிய நீதிபதி சதர்லண்ட். இந்நாட்டில் வந்து இறங்கிய நம்மில் எத்தனை பேர் முதல் நான்கைந்து ஆண்டுகளை அடுக்குமாடி வீட்டில் கழித்தோம் என்பதை எண்ணிப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

கம்பெனி சொன்ன அந்த இரண்டு விலைகளையும் மறுபடி பாருங்கள். வரைபடத்தில் ஒரு நிறத்தை மாற்றினால் ஏக்கருக்கு 7,500 டாலர் கூடுகிறது அல்லது குறைகிறது. நிலத்தில் யாரும் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. மண் மாறவில்லை. ஆகவே வணிக நிலமாக மாற்றித் தரும்படி வரும் விண்ணப்பம் வெறும் அபிப்பிராயம் கேட்கும் காரியம் அல்ல. ஒருவருக்குச் செல்வத்தைத் தரவும் மறுக்கவும் வல்ல அதிகாரம் சிலருடைய கையில் இருக்கிறது. அந்த உயர்வு ஊராருடையதே என்று கருதிய பிரிட்டன், 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது முழுவதையும் வரியாக எடுத்துக்கொள்ளப் பார்த்தது. நிலத்தை விற்க ஆள் வரவில்லை. சில ஆண்டுகளிலேயே அந்த வரியைக் கைவிட்டார்கள்.

இனி நம் கேள்விக்கு வருவோம். சட்டம் செய்பவர், நீதி வழங்குபவர் என்று இரண்டு வேடங்கள் உண்டு. ஊர் முழுவதற்கும் சொத்து வரி எவ்வளவு என்று சட்டம் செய்பவரை யாரும் சந்திக்கலாம். தெருவில் நிறுத்திப் பேசலாம், வீட்டுக்குத் தொலைபேசி செய்யலாம், நூறு பேர் திரண்டு போய்க் கேட்கலாம். அதுதான் மக்களாட்சி. நீதிபதியிடம் அப்படிச் செய்ய முடியாது. வழக்கு நடக்கும்போது ஒரு கட்சிக்காரர் நீதிபதியின் வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தார் என்றால் மற்றவர் என்ன சொல்வார்?

நகர மன்ற உறுப்பினர் ஒரே நாற்காலியில் அமர்ந்து இரண்டு வேடமும் போடுகிறார். பல காலம் நீதிமன்றங்கள் அவரைச் சட்டம் செய்பவராகவே பார்த்தன. 1973 ல் ஒரிகன் மாநில உச்ச நீதிமன்றம் வேறு விதமாகச் சொன்னது. குடியிருப்பு நிலம் ஒன்றில் சக்கர வீடுகளுக்கான குடியிருப்பு அமைக்க வாஷிங்டன் கவுண்டி நிர்வாகம் அனுமதித்தது. அக்கம்பக்கத்தார் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். எல்லாருக்கும் பொதுவான விதியை வகுப்பது சட்டம் செய்தல், வகுத்த விதியை ஒருவருடைய ஒரு மனைக்குப் பொருத்திப் பார்ப்பது நீதி வழங்குதல் என்று அந்த நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. இரண்டாவது வகையானால், இரு தரப்பும் பேச வாய்ப்புப் பெற வேண்டும். சான்றுகளைக் காட்டவும் எதிர்த்தரப்புச் சான்றுகளை மறுக்கவும் இடம் வேண்டும். முடிவு செய்பவர் ஒரு தரப்போடு தனியே பேசியிருக்கக் கூடாது. முடிவுக்குக் காரணங்களை எழுதி வைக்க வேண்டும். மாற்றம் வேண்டும் என்று கேட்பவரே அதற்கான தேவையை நிரூபிக்க வேண்டும். சில மாநிலங்கள் இந்த வழியில் போயின. பல மாநிலங்களில் இன்னமும் இது சட்டம் செய்தலாகவே கருதப்படுகிறது.

ஒரிகன் சொன்னதே சரி என்பது என் எண்ணம். ஏன் என்பதற்கு ஃபுளோரிடாவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மயாமி நகரம் உள்ள டேட் கவுண்டியில் ஒருவர் தம் நிலத்தில் கார்களுக்கு விரைவாக எண்ணெய் மாற்றித் தரும் கடை வைக்க, விதிவிலக்குக் கேட்டு விண்ணப்பித்தார். அடுத்த நிலத்துக்காரர் எதிர்த்தார். கவுண்டி கமிஷனர்கள் வாக்களித்துக் கடைக்கு அனுமதி தந்தார்கள். பொது விசாரணை முறைப்படி நடந்தது. அறிவிப்பும் வந்தது. இரு தரப்பும் பேசின. குறை எங்கே என்றால், கடைக்காரர் அமர்த்திய தரகர் ஒருவர் வாக்கெடுப்புக்கு முன்பே கமிஷனர்களோடு தனியே பேசியிருந்தார். அவர் ஒளிந்து செய்தவர் அல்ல. அந்தத் தொழிலுக்கென்று முறைப்படி பதிவு செய்தவர். என்ன பேசினார் என்பது அடுத்த நிலத்துக்காரருக்குத் தெரியாது. தெரியாத பேச்சுக்கு எப்படி மறுப்புச் சொல்வது? 1991 ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அத்தகைய தனிப்பேச்சு நடந்தது என்று காட்டினால் அதனால் தீங்கு விளைந்தது என்றே கொள்ள வேண்டும், தீங்கு இல்லை என்று நிரூபிப்பது மறுதரப்பின் பொறுப்பு என்றது.

நியாயமான தீர்ப்பு. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். நம் தெருவிலுள்ள ஒரு பாட்டி தாம் வாக்களித்த உறுப்பினரைக் கடையில் பார்த்து, 'தம்பி, அந்தக் கேஸ் ஸ்டேஷன் வேண்டாம்பா' என்று சொல்ல வாயெடுத்தால், அவர் கையை உயர்த்தி, 'அம்மா, அதைப் பற்றிப் பேச எனக்கு அனுமதி இல்லை' என்று நகர வேண்டி வரும். பாட்டிக்கு இது எந்த ஊர் மக்களாட்சி என்று தோன்றாதா? ஃபுளோரிடாவில் பலருக்கும் அப்படித் தோன்றியது. 1995 ல் அம்மாநிலச் சட்டசபை ஒரு சமரசம் செய்தது. உள்ளாட்சிகள் விரும்பினால் தனிப்பேச்சை அனுமதிக்கலாம். யாரோடு, எதைப் பற்றிப் பேசினேன் என்பதை உறுப்பினர் முடிவெடுக்கும் முன்பே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். வந்த கடிதங்களையும் கோப்பில் சேர்க்க வேண்டும். அதை எதிர்த்துப் பேச மற்றவருக்கு நேரம் கிடைக்க வேண்டும்.

இந்தச் சமரசம் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. தரகர் ஒரு மணி நேரம் பேசியதை உறுப்பினர் இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடலாம். இருந்தாலும் பாட்டியின் வாயை அடைப்பதைவிட இது மேல். வெளியே தெரிந்த பேச்சுக்காவது மறுமொழி சொல்லலாம்.

வேறொரு வழியும் உண்டு. மன்றமே வேண்டாம், ஊரே வாக்களிக்கட்டும் என்பது. யூக்ளிட் இருக்கும் அதே ஈரி ஏரிக் கரையில் ஈஸ்ட்லேக் என்ற ஊர் இருக்கிறது. அங்கே சிறு தொழில்களுக்கு ஒதுக்கிய எட்டு ஏக்கரில் உயரமான அடுக்குமாடி வீடு கட்ட ஒரு கம்பெனி கேட்டது. மன்றம் சம்மதித்தது. இதற்குள் ஊர் மக்கள் தங்கள் நகர சாசனத்தைத் திருத்தி, இத்தகைய மாற்றத்துக்கு வாக்களிப்போரில் 55 சதவீதம் பேர் ஒப்புதல் வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். வாக்கெடுப்பில் கம்பெனி தோற்றது. 1976 ல் உச்ச நீதிமன்றம் ஊர் செய்தது செல்லும் என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்த்தது. அதிகாரம் மக்களிடமிருந்தே வருகிறது, அதை அவர்களே வைத்துக்கொண்டால் என்ன தவறு என்பது தீர்ப்பின் சாரம். அதற்கு மேல் கோர்ட்டு இல்லை என்பதால் அதுவே சட்டம். என் மனம் மட்டும் ஒப்பவில்லை. ஊரின் மறுகோடியில் இருப்பவருக்கு அதன் சாக்கடையைப் பற்றியோ சாலையைப் பற்றியோ ஒன்றும் தெரியாது. விண்ணப்பம் போட்டவர் முகத்தையும் அவர் பார்த்ததில்லை. காரணம் சொல்லாமல் திரைக்குப் பின்னால் வேண்டாம் என்று குத்திவிட்டு வரலாம். ஒருவருடைய வழக்கை இப்படியா முடிப்பது?

அப்படியானால் வீடு வாங்கியவர்களின் கதி என்ன என்று கேட்பீர்கள். முப்பது ஆண்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டு, இது குடியிருப்புப் பகுதி என்று வரைபடத்தைப் பார்த்து நம்பித்தான் வாங்கினார்கள். வரைபடம் நகரம் கொடுத்த வாக்குறுதி அல்லவா? இந்தக் கேள்வியைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. மேரிலாந்து மாநிலம் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறது. ஆதியில் கோடு போட்டதே தவறு என்று காட்ட வேண்டும், அல்லது அதன்பின் அந்தச் சுற்றுப்புறத்தின் தன்மை பெரிதும் மாறிவிட்டது என்று காட்ட வேண்டும். இரண்டும் இல்லாமல் தனியொரு மனையின் வகையை மாற்ற முடியாது. வாக்குறுதியை மதிக்கும் விதி இது. காலம் மாறும் என்பதையும் ஒப்புக்கொள்ளும் விதி.

ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாக்குறுதி யாருக்குக் கொடுக்கப்பட்டது? அன்று வீடு வைத்திருந்தவர்களுக்கு. கார் ஓட்டத் தெரியாத முதியவர், ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்து நான்கு சுவர்களுக்குள் அடைபட்டுக் கிடக்கும் தாய் தந்தையர், நடந்து போய்ப் பால் வாங்க ஒரு கடை வேண்டும் என்று ஏங்குகிறவர்கள், இவர்கள் யாரும் அந்தப் பேச்சில் இல்லை. விசாரணை இரவில் மண்டபத்துக்கு வருவதும் இல்லை, அங்கே போக அவர்களுக்குக் கார் வேண்டுமே! நல்ல காரணம் இல்லாமல் மாற்ற மாட்டோம் என்ற அளவுக்கே அந்த வாக்குறுதியைக் கொள்ளலாம் என்று நினைக்கிறேன். என்றைக்கும் மாற்ற மாட்டோம் என்று எந்த நகரமும் சொல்லவில்லை. யூக்ளிட்டில் குடியிருப்புக்காக வாதாடி வென்ற அந்த நிலத்திலேயே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொழிற்சாலை எழுந்தது.

எல்லாம் காரணத்தில் வந்து நிற்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்குச் சரக்கு லாரி வரும், இரவெல்லாம் விளக்கு எரிந்து படுக்கையறையில் வெளிச்சம் விழும், மழைநீர் வடிய வழி இல்லை, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் திருப்பத்தில் கார்கள் தேங்கும். இவை காரணங்கள். அளந்து பார்க்கலாம், பதில் சொல்லலாம், வேலி உயரத்தையும் கடை நேரத்தையும் நிபந்தனையாக விதித்துச் சரி செய்யலாம். 'எப்படிப்பட்ட ஆட்கள் வருவார்களோ' என்பது வேறு. டெக்ஸஸ் மாநிலத்துக் கிளீபர்ன் நகரில் மன வளர்ச்சி குன்றியவர்களுக்கான இல்லம் ஒன்றுக்கு மன்றம் அனுமதி மறுத்தது. மருத்துவ இல்லத்துக்கும் அடுக்குமாடி வீட்டுக்கும் அதே இடத்தில் தனி அனுமதி தேவைப்படவில்லை. இவர்களிடம் மட்டும் கேட்டார்கள். அக்கம்பக்கத்தாரின் பயமும் ஒரு காரணமாகக் காட்டப்பட்டது. 1985 ல் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பைச் செல்லாது என்றது. அயலாரின் வெறுப்பும் ஆதாரமற்ற பயமும் எத்தனை பேருக்கு இருந்தாலும் ஒரு நகரத்தின் முடிவுக்குக் காரணமாக நிற்க முடியாது.

நமக்கு இது எட்ட நின்று பார்க்கும் விஷயம் அல்ல. கோயில் கட்ட நிலம் வாங்கிய எந்தச் சங்கமும் இதே மாதிரி மண்டபத்தில் விண்ணப்பதாரராக நின்றுதான் ஆக வேண்டும். கார்கள் எங்கே நிற்கும், திருவிழா நாளில் எத்தனை பேர் வருவார்கள், நாதஸ்வரம் எத்தனை மணி வரை ஒலிக்கும் என்ற கேள்விகள் வரும். அவற்றில் பல நேர்மையான கேள்விகள் என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். சிலவற்றின் அடியில் வேறு ஏதோ இருப்பதும் நமக்குப் புரியும். வழிபாட்டு இடங்களுக்குப் பாதுகாப்பாக 2000 ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. கேஸ் ஸ்டேஷன் வைக்க வருகிறவருக்கு அப்படிச் சட்டம் எதுவும் கிடையாது. மண்டபத்தில் நாம் என்ன காரணம் சொல்கிறோமோ அது ஒன்றுதான் அவருக்கும் நமக்கும் நடுவே இருக்கிறது.

இப்போது சங்கடமான விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை அர்ச்சனை முடிந்து பிரசாதம் வாங்கும் வரிசையில் ஒருவர் கையெழுத்துத் தாளுடன் வருகிறார். தம் வீட்டுக்குப் பின்னால் வரும் கடையை எதிர்த்து மனு. அவர் நல்லவர், கோயிலுக்கு நிறையச் செய்தவர், நம் வீட்டு விசேஷத்தில் முன்னின்று உழைத்தவர். நாம் இருபது மைல் தள்ளி வசிக்கிறோம். அந்த மனை எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. கையெழுத்துப் போடுவதா?

1920 களில் அமெரிக்க வணிகத் துறை மாநிலங்களுக்காக வெளியிட்ட மாதிரி ஜோனிங் சட்டத்தில் இதற்குத் துணையாக ஓர் ஏற்பாடு இருந்தது. மாற்றம் கேட்கும் நிலத்திலோ அதை ஒட்டிய நிலத்திலோ 20 சதவீதத்துக்கு உரியவர்கள் எழுத்தில் எதிர்த்தால், மன்றத்தில் நான்கில் மூன்று பங்கு வாக்கு இருந்தால்தான் மாற்றம் நிறைவேறும். பல மாநிலங்கள் அதை ஏற்றன. வட கரோலினா போலச் சில பின்னர் நீக்கிவிட்டன, அங்கே 2015 ல். ஒட்டிய நிலத்துக்காரரின் எதிர்ப்புக்குத்தான் அந்த எடை. நண்பர்களின் கையெழுத்து ஆயிரம் இருந்தாலும் அதற்குள் வராது. அந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

திருவள்ளுவர் அரசனுக்குரிய செங்கோன்மையைப் பொருட்பாலில் வைத்தார். நடுவுநிலைமையை அங்கே வைக்கவில்லை. அறத்துப்பாலில், இல்லறவியலில், விருந்தோம்பலும் இனியவை கூறலும் இருக்கும் வரிசையில், செய்ந்நன்றி அறிதலுக்கு அடுத்ததாக வைத்தார். மேடையில் இருப்பவரோடு நின்றுவிடாமல் குடும்பம் நடத்தும் நம்மிடமும் அதை எதிர்பார்க்கிறார் என்று தெரிகிறது. நன்றி அறிதலுக்குப் பின் இது ஏன் வந்தது என்பதற்குப் பரிமேலழகர் ஒரு காரணம் சொல்கிறார். நமக்கு நன்மை செய்தவரிடத்தில், அந்த நன்றியை நினைக்கும்போது நடுவுநிலைமை கெட்டுப் போகக்கூடும், அங்கேயும் கெடக் கூடாது என்பதற்காகவே அந்த வைப்பு என்கிறார். பிரசாத வரிசையில் நீட்டப்படும் தாளை அவர் பார்த்ததில்லைதான்!

அந்த நண்பருக்கு வேறு உதவிகள் செய்யலாம். விசாரணைக்குச் சில நாட்கள் முன்பே நகர அலுவலர்களின் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்குக் கிடைக்கும். அதை அவரோடு உட்கார்ந்து படிக்கலாம். நம்மிடையே போக்குவரத்துப் பொறியாளர்களுக்கும் கட்டட வல்லுநர்களுக்கும் குறைவில்லை. அறிக்கையில் சொல்லப்படும் கார்களின் எண்ணிக்கை எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது, பள்ளிக்கூடம் திறந்திருந்த மாதமா, விடுமுறை மாதமா என்று அவர்கள் பார்த்துச் சொல்லலாம். மைக்கின் முன் பேச அவருக்கு இரண்டு அல்லது மூன்று நிமிடம்தான் கொடுப்பார்கள். சில நல்ல காரணங்களைச் சொல்ல அது போதும். அப்படிப் படித்துப் பார்க்கும்போது கடைக்காரர் பக்கமே நியாயம் என்று தெரிந்தால் அதையும் நண்பரிடம் சொல்ல வேண்டி வரும். அது எளிதல்ல என்பது தெரிந்தே எழுதுகிறேன்.

இதில் மாறுபடும் அன்பர்கள், முக்கியமாக இத்தகைய விசாரணையில் கடைக்காரர் பக்கம் நின்றவர்கள், தங்கள் எண்ணத்தை அடுத்த இதழுக்கு எழுதி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.